1.91 எப்படி 1.40 ஆனது: இரு முகடுகளின் பிரிதிறன் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் ஆய்வகத்தில் ஒரு மருந்து மூலப்பொருளோடு சேர்ந்து வரும் மாசுகளை அளப்பதற்கான எச்.பி.எல்.சி. முறை (அழுத்தத்தில் ஓடும் திரவத்தைக் கொண்டு கலவையின் பொருள்களைப் பிரித்து அளக்கும் வழி) ஒன்று நெடுநாளாகச் சிக்கலின்றி நடந்துவந்தது. 100 மி.மீ. நீளமும் 2.1 மி.மீ. உள்விட்டமும் கொண்ட, 3 மைக்ரான் துகள்கள் அடைத்த சி18 பிரிகைக் குழல், நிமிடத்துக்கு 0.30 மி.லி. ஓட்டம், தொடக்கம் முதல் முடிவு வரை கலவை மாறாத மொபைல் ஃபேஸ் (பொருள்களைக் குழல் வழியே சுமந்து செல்லும் கரைப்பான் கலவை). ஆய்வகப் பேச்சில் இந்தக் குழலை ஆங்கிலத்தில் உள்ளபடி காலம் (column) என்றே சொல்வோம் என்றாலும், நேரத்தைக் குறிக்கும் சொல்லோடு குழம்பும் என்பதால் இங்கே குழல் என்றே எழுதுகிறேன். குழலிலிருந்து வெளிவருபவற்றை டிடெக்டர் (உணர்கருவி) பதியும் படத்தில் முதன்மைப் பொருளின் முகடு 2.88 நிமிடத்திலும், அதை ஒட்டி வரும் மாசின் முகடு 3.10 நிமிடத்திலும் எழும். இந்த இணைதான் முறையின் இக்கட்டான இடம். மாதிரிகளைச் செலுத்துவதற்கு முன் நடத்தும் கருவித் தகுதிச் சோதனையில் இவ்விரண்டுக்கும் இடையிலான பிரிதிறன் (இரு முகடுகளும் தம் அகலத்தோடு ஒப்பிட எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு) குறைந்தது 1.5 இருக்க வேண்டும் என்பது விதி. வழக்கமாக 1.9ஐ ஒட்டியே வரும். அதனால் அந்த எண்ணை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் காலை அச்சில் 1.34 வந்தது.

அடுத்த ஒன்றரை நாள் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. குழலைக் கரைப்பான் கொண்டு கழுவினோம்; பயனில்லை. மொபைல் ஃபேஸைப் புதிதாகத் தயாரித்து, பிஎச் மீட்டரைத் திருத்தி மீண்டும் அளந்தோம், பயனில்லை. கடைசியில் பெட்டி பிரிக்காத புதிய குழல் ஒன்றை எடுத்து மாட்டினோம். பிரிதிறன் சற்றே உயர்ந்ததே தவிர, 1.5ஐ எட்டவில்லை. குழல்தான் குற்றவாளி என்று எல்லாரும் தீர்மானித்திருந்த நிலையில், புதிய குழலும் அதே குறையைக் காட்டியது. கழற்றுவதையும் மாட்டுவதையும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கையில் இருந்த எண்களை வைத்துக் கணக்குப் போட உட்கார்ந்தோம். அந்தக் கணக்கை முதல் மணி நேரத்திலேயே போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து; அதற்குத் தேவையான எல்லா எண்களும் முதல் அச்சிலேயே இருந்தன.

எந்தப் பிரிதிறன்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. அந்தக் காலை வந்த 1.34ஐ, பழைய பதிவேட்டில் இருந்த 1.91ஓடு நேரே ஒப்பிட்டிருந்தோம். இரண்டும் ஒரே சூத்திரத்தில் வந்தவை அல்ல. அன்று பணியில் இருந்தவர் வேறொரு அறிக்கைப் படிவத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். அந்தப் படிவம் முகட்டின் இரு சரிவுகளிலும் தொடுகோடு வரைந்து, அவை அடிக்கோட்டைத் தொடும் புள்ளிகளுக்கு இடையிலான தொலைவை அகலமாகக் கொள்வது. அதன்படி (தங்கல் நேரம் என்பது மாதிரியைச் செலுத்தியதிலிருந்து முகடு எழும் வரையான நேரம்):

பிரிதிறன் = 2 × (தங்கல் நேரங்களின் வேறுபாடு) ÷ (அடி அகலங்களின் கூட்டுத்தொகை)

பழைய பதிவுகளோ முகட்டின் பாதி உயரத்தில் அளந்த அகலத்தைக் கொண்டவை:

பிரிதிறன் = 1.18 × (தங்கல் நேரங்களின் வேறுபாடு) ÷ (அரையுயர அகலங்களின் கூட்டுத்தொகை)

இந்த 1.18 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலர் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். முகடு ஒரு சரியான காஸ் வளைவு (மணி வடிவச் சமச்சீர் வளைவு) என்று கொண்டால், அதன் தொடுகோட்டு அடி அகலம் திட்ட விலக்கத்தைப் போல் 4 மடங்கு. அரையுயர அகலம் 2.355 மடங்கு. முதல் சூத்திரத்தில் ஒரு வகை அகலத்தை எடுத்துவிட்டு மற்றொன்றை வைக்கும்போது 2 என்ற எண் 2 × 2.355 ÷ 4, அதாவது 1.1775 ஆகிறது. ஆக, முகடு காஸ் வளைவாக இருக்கும் வரைதான் இரண்டு சூத்திரங்களும் ஒரே விடையைத் தரும். முகட்டுக்கு வால் நீண்டால் அவை பிரிந்து போகும். வால் முகட்டின் அடிப்பகுதியில் இருப்பது. பாதி உயரத்தில் அளக்கும் அகலம் அதைப் பெரும்பாலும் காண்பதே இல்லை. ஐரோப்பிய பார்மகோபியா (மருந்துத் தர நூல்) நெடுங்காலமாக அரையுயர அகலத்தையே கொண்டிருந்தது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒத்திசைந்த 621ஆம் பொது அத்தியாயத்தின் வழியே அமெரிக்க பார்மகோபியாவும் அந்த வழிக்கே வந்தது. அகலத்தைக் கணினி தடுமாறாமல் அளக்க அது வசதிதான். ஆனால் வால் நீண்ட முகடுகளின்பால் அது தாராளமாக நடந்துகொள்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எங்கள் கணக்கில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. சோதனை நாளன்று அடி அகலங்கள் 0.160, 0.168 நிமிடம், 2 × 0.22 ÷ 0.328 = 1.34. அதே படத்தின் அரையுயர அகலங்கள் 0.091, 0.094 நிமிடம், 1.18 × 0.22 ÷ 0.185 = 1.40. முந்தைய மாதப் படத்தில் இரு வழிகளும் முறையே 1.88, 1.91 என்று கிட்டத்தட்ட ஒத்தே வந்தன. எனவே உண்மையான வீழ்ச்சி 1.91இலிருந்து 1.40க்கு, மீதி, அளவுகோல் மாறியதால் வந்த தோற்றம். ஆனால் இரு விடைகளுக்கும் இடையே புதிதாக விரிந்த இடைவெளியே ஒரு தடயம்: முகடுகளுக்கு வால் முளைத்திருந்தது.

மூன்று காரணிகள்

பிரிதிறன் ஒற்றை எண்ணாகத் தோன்றினாலும் மூன்று வேறு விஷயங்களின் பெருக்கம் அது. பர்னல் 1960இல் தந்த சமன்பாடு அதை வெளிப்படையாகக் காட்டுகிறது:

பிரிதிறன் = (√தட்டு எண்ணிக்கை ÷ 4) × ((தெரிவுத்திறன் − 1) ÷ தெரிவுத்திறன்) × (தங்கல் காரணி ÷ (1 + தங்கல் காரணி))

தட்டு என்பது வடிப்புக் கோபுரத்திலிருந்து மார்ட்டினும் சிஞ்சும் 1941இல் எடுத்து வந்த கற்பனை. குழலுக்குள் எந்தத் தட்டும் கிடையாது. முகடு தான் தங்கிய நேரத்தோடு ஒப்பிட எவ்வளவு ஒடுக்கமாக வெளிவருகிறது என்பதையே அந்த எண்ணிக்கை சொல்கிறது: 5.54 × (தங்கல் நேரம் ÷ அரையுயர அகலம்)². தங்கல் காரணி என்பது, எதிலும் ஒட்டாத பொருள் வெளிவர எடுக்கும் வெற்று நேரத்தைக் கழித்த பின், மீதமுள்ள தங்கல் அந்த வெற்று நேரத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது. தெரிவுத்திறன் என்பது இரு பொருள்களின் தங்கல் காரணிகளின் விகிதம். மூன்றையும் கெடுக்கக்கூடியவை வேறு வேறு. பிஎச், வெப்பநிலை, குழலின் வேதித்தன்மை ஆகியவை மாறினால் தெரிவுத்திறன் அசையும். கரிமக் கரைப்பானின் விகிதம் மாறினால் தங்கல் காரணி அசையும். குழலின் படுகை சிதைந்தாலோ, கருவிக்குள் எங்காவது பொருள் பரவினாலோ தட்டு எண்ணிக்கை விழும். ஆகவே பிரிதிறன் குறைந்தது என்று அறிந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மூன்றில் எது குறைந்தது என்பதுதான்.

இரண்டு படங்களின் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டபோது இப்படி இருந்தன. கடைசி நெடுவரிசையில் இருப்பது, அதே கலவையில் ஒன்பதாம் நிமிடத்தில் வரும் இன்னொரு மாசு. அதன் பிரிதிறன் எப்போதும் மிக அதிகம் என்பதால் அதை யாரும் கவனித்ததில்லை. வால் காரணி என்பது முகட்டுக்கு எவ்வளவு வால் நீண்டிருக்கிறது என்பதன் அளவு; சமச்சீரான முகட்டுக்கு அது 1.

| | வெற்று நேரம் | முதன்மைப் பொருள் | ஒட்டி வரும் மாசு | கடைசி மாசு |
|---|---|---|---|---|
| தங்கல் நேரம், முன்பு (நிமிடம்) | 0.75 | 2.88 | 3.10 | 9.00 |
| தங்கல் நேரம், அன்று | 0.80 | 2.93 | 3.15 | 9.05 |
| அரையுயர அகலம், முன்பு (நிமிடம்) | – | 0.066 | 0.070 | 0.191 |
| அரையுயர அகலம், அன்று | – | 0.091 | 0.094 | 0.201 |
| தட்டு எண்ணிக்கை, முன்பு | – | 10,550 | 10,870 | 12,300 |
| தட்டு எண்ணிக்கை, அன்று | – | 5,740 | 6,220 | 11,230 |
| வால் காரணி, முன்பு | – | 1.1 | 1.1 | 1.1 |
| வால் காரணி, அன்று | – | 1.35 | 1.3 | 1.1 |

முந்தைய மாதத்தில் இரு பொருள்களின் தங்கல் காரணிகள் 2.84, 3.13; தெரிவுத்திறன் 1.103. அன்றைய வெற்று நேரமான 0.80ஐக் கொண்டு கணக்கிட்டால் 2.66, 2.94, தெரிவுத்திறன் அதே 1.103. இங்கே ஒரு வழுக்கல் உண்டு: வெற்று நேரத்தைப் புதிதாக அளக்காமல் முறை ஆவணத்தில் இருக்கும் 0.75ஐயே எடுத்துக்கொண்டால் தெரிவுத்திறன் 1.101 என்று வரும்; ஏதோ வேதியியல் மாறிவிட்டது போல ஓர் ஐயம் வீணாக எழும். தெரிவுத்திறன் அசையவில்லை என்றவுடன் பிஎச், வெப்பநிலை, மொபைல் ஃபேஸ் என்ற மூன்று சந்தேக நபர்களும் ஒரே கணக்கில் விடுதலை ஆனார்கள். சமன்பாட்டின் கடைசி உறுப்பான தங்கல் காரணிச் சேர்மானம் 0.758இலிருந்து 0.746க்கு இறங்கியது, அது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மீதியெல்லாம் தட்டு எண்ணிக்கையில். 10,870 என்பது 6,220 ஆனால் அதன் வர்க்கமூலம் 0.757 மடங்காகிறது, 1.91 × 0.757 × 0.984 = 1.42. அளந்த 1.40க்கு இது போதுமான நெருக்கம்.

பர்னல் சமன்பாட்டில் முந்தைய மாத எண்களைப் போட்டால் 1.91 வராது, 1.85 வரும். இதைக் கண்டு கணக்கில் பிழை என்று நினைக்க வேண்டாம். இரு முகடுகளுக்கும் ஒரே அகலம், அதுவும் பின்னதன் அகலம் என்று அச்சமன்பாடு கொள்கிறது. உண்மையில் முன்னது சற்று ஒடுக்கம். பிரிதிறனைக் கணக்கிட அகலச் சூத்திரம், காரணத்தைத் தேட பர்னல் சமன்பாடு என்று வைத்துக்கொள்வது நல்லது.

குழலுக்கு வெளியே

தட்டு எண்ணிக்கை விழுந்தால் முதலில் குழலைத்தான் சந்தேகிப்போம். புதிய குழலும் அதையே காட்டியதால் அந்தச் சந்தேகம் ஏற்கெனவே பாதி உடைந்திருந்தது. மீதிப் பாதியை உடைத்தது கடைசி மாசு. குழலின் படுகை பழுதாகியிருந்தால் எல்லா முகடுகளும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் தட்டுகளை இழக்க வேண்டும். இங்கோ மூன்றாம் நிமிடத்து முகடு 43 சதவீதம் இழந்திருக்க, ஒன்பதாம் நிமிடத்து முகடு 9 சதவீதம் மட்டுமே இழந்திருந்தது. ஒடுக்கமான முகடுகளைக் கடுமையாகவும், அகன்றவற்றை லேசாகவும் தாக்கும் ஒன்று என்றால் அது எல்லா முகடுகளுக்கும் ஒரே அளவு பரவலைக் கூட்டும் ஒன்றாகவே இருக்க முடியும்.

அதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. பரவல்கள் அகலமாகக் கூடுவதில்லை. திட்ட விலக்கத்தின் வர்க்கமாகவே கூடும். இதைப் பரவல் வர்க்கம் என்று சொல்லிக்கொள்வோம். குழலுக்குள் நேர்ந்த பரவல் வர்க்கமும், இன்ஜெக்டர் (மாதிரியைச் செலுத்தும் பகுதி), இணைப்புக் குழாய், டிடெக்டர் செல் ஆகியவற்றில் நேர்ந்த பரவல் வர்க்கமும் சேர்ந்தே நாம் காணும் முகட்டின் பரவல் வர்க்கம். அரையுயர அகலத்தை 2.355ஆல் வகுத்து, நிமிடத்துக்கு 300 மைக்ரோலிட்டர் என்ற ஓட்டத்தால் பெருக்கினால் திட்ட விலக்கம் கன அளவில் கிடைக்கும். ஒட்டி வரும் மாசுக்கு முன்பு 0.070 ÷ 2.355 × 300 = 8.92 மைக்ரோலிட்டர், வர்க்கம் 79.5, அன்று 0.094 ÷ 2.355 × 300 = 11.97, வர்க்கம் 143.4. கூடியது 64. முதன்மைப் பொருளுக்கு 70.7இலிருந்து 134.4, கூடியது 64. கடைசி மாசுக்கு 592இலிருந்து 656, கூடியதும் 64.

மூன்றும் இப்படி ஒரே எண்ணில் வந்து நின்றதில் தற்செயலும் கலந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கடைசி மாசின் அகலத்தை மூன்றாம் தசம இடத்தில் முழுமையாக்கியதே அதன் வேறுபாட்டை ஆறு அலகு வரை அசைக்கக்கூடும். பெரிய இரண்டு எண்களைக் கழித்துச் சிறிய எண்ணை எடுக்கும் எந்தக் கணக்குக்கும் இந்தப் பலவீனம் உண்டு. ஆனால் 58 ஆகவோ 70 ஆகவோ வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. குழல் பழுதாகியிருந்தால் கடைசி மாசில் அந்த எண் பல நூறாக இருந்திருக்க வேண்டும்.

அட்டவணையில் இன்னொரு தடயம் முதலிலிருந்தே கண்முன் இருந்தது. எல்லாத் தங்கல் நேரங்களும், வெற்று நேரம் உட்பட, துல்லியமாக 0.05 நிமிடம் தள்ளிப் போயிருந்தன. ஓட்டம் குறைந்திருந்தால் தள்ளல் விகிதமாக இருக்கும். மூன்றாம் நிமிடத்தில் 0.05 என்றால் ஒன்பதாம் நிமிடத்தில் 0.15 ஆகியிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே தள்ளல் என்றால், எங்கோ ஓரிடத்தில் 0.05 × 300 = 15 மைக்ரோலிட்டர் வெற்றிடம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். தங்கல் நேரம் அனுமதித்த எல்லைக்குள்தான் இருந்தது. அதனால் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. எல்லைக்குள் இருக்கிறது என்பதும் மாறவில்லை என்பதும் ஒன்றல்ல என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

டிடெக்டரின் வடிகட்டி நேரத்தை (இரைச்சலைக் குறைக்கச் சைகையை மழுப்பும் கால அளவை) யாராவது கூட்டியிருந்தாலும் எல்லா முகடுகளும் ஒரே அளவு பரவும், வாலும் முளைக்கும். எனவே அதையும் கணக்கால் விலக்க வேண்டியிருந்தது. 64இன் வர்க்கமூலம் 8 மைக்ரோலிட்டர், நேரத்தில் 1.6 விநாடி. வடிகட்டி அவ்வளவு பரப்பினால் முகட்டைத் தள்ளுவதும் ஏறத்தாழ அதே 1.6 விநாடிதான். நாங்கள் கண்ட தள்ளல் 3 விநாடி. கருவி அமைப்பைத் திறந்து பார்த்ததில் அந்த நேரம் மாறாமலே இருந்தது.

நீலக் கோடு

இணைப்புக் குழாய்களில் பெரும்பாலானவை பீக் எனப்படும் பாலிமரால் ஆனவை. (முகட்டைக் குறிக்கும் பீக்குக்கும் இதற்கும் எழுத்தொற்றுமையைத் தவிர உறவில்லை, புதிதாகச் சேருபவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது இதில் குழம்புவார்கள்.) வெளிவிட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே, உள்விட்டத்தை நிறம்தான் காட்டும். சிவப்பு என்றால் 0.13 மி.மீ., மஞ்சள் என்றால் 0.18 மி.மீ., நீலம் என்றால் 0.25 மி.மீ. குழலின் வாயிலிருந்து டிடெக்டர் வரை சென்ற 40 செ.மீ. குழாயை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தபோது அதன் ஓரத்தில் ஓடிய மெல்லிய கோடு நீலமாக இருந்தது. அங்கே இருக்க வேண்டியது சிவப்பு.

கணக்கு இப்போது இரு பக்கமிருந்தும் பொருந்தியது. 0.25 மி.மீ. உள்விட்டமும் 40 செ.மீ. நீளமும் உள்ள குழாய் கொள்வது 20 மைக்ரோலிட்டர். சிவப்புக் குழாய் கொள்வது 5. வேறுபாடு 15, தங்கல் நேரங்களின் தள்ளல் சொன்னதும் அதே 15. பரவலுக்கு டெய்லர் 1953இல் தந்த கோட்பாடு உதவுகிறது. நேரான குழாயில் சீராக ஓடும் திரவத்தின் நடுப்பகுதி வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் நகர்வதால் பொருள் நீண்டு பரவுகிறது. பரவல் வர்க்கம் π × (ஆரம்)⁴ × நீளம் × ஓட்டம் ÷ (24 × விரவல் கெழு). விரவல் கெழு விநாடிக்கு 0.00001 சதுர செ.மீ. என்று கொண்டால் நீலக் குழாய்க்கு 68 சதுர மைக்ரோலிட்டரும், சிவப்புக் குழாய்க்கு 4.3ம் கிடைக்கின்றன. வேறுபாடு 64. வளைவுகளும் இணைப்புகளும் உள்ள நிஜக் குழாயில் இச்சூத்திரம் இவ்வளவு துல்லியமாகப் பலிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இருபது முப்பது சதவீதம் விலகியிருந்தாலும் நான் ஏற்றிருப்பேன். கவனிக்க வேண்டியது ஆரத்தின் நான்காம் அடுக்கு. விட்டம் இருமடங்கானால் கன அளவு 4 மடங்கு, பரவல் 16 மடங்கு.

குழாயை மாற்றுவதற்கு முன் நேரடிச் சான்று ஒன்றையும் எடுத்தோம். குழலைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் வெற்றிடமற்ற இணைப்பி ஒன்றை வைத்து, யுராசில் (குழலில் ஒட்டாத பொருள்) கரைசலைச் செலுத்தி, வெளிவரும் முகட்டின் அகலத்தை அளந்தோம். குழலே இல்லாததால் அந்த அகலம் முழுவதும் கருவியினுடையது. இத்தகைய முகடு மிக ஒடுக்கமானது. டிடெக்டர் விநாடிக்குப் போதிய புள்ளிகளைப் பதியாவிட்டால் அளப்பது கருவியை அல்ல, பதிவு வேகத்தைத்தான். எனவே அதை விநாடிக்கு 20 புள்ளிகளாக உயர்த்திக்கொண்டோம். நீலக் குழாயோடு அரையுயர அகலம் 0.067 நிமிடம், பரவல் வர்க்கம் 73. சிவப்புக் குழாயை மாட்டிய பின் 0.025 நிமிடம், பரவல் வர்க்கம் 10. பழைய குழலையே மீண்டும் பொருத்திச் செலுத்தியபோது முகடுகள் 2.88க்கும் 3.10க்கும் திரும்பின, அகலங்கள் 0.066, 0.071, பிரிதிறன் 1.89. வால் காரணியும் 1.1க்கு வந்துவிட்டது.

இடையில் வேறு இரு யோசனைகளும் மேசைக்கு வந்திருந்தன. 150 மி.மீ. நீளக் குழலுக்கு மாறலாம் என்றார் ஒருவர்: தட்டு எண்ணிக்கை ஒன்றரை மடங்காகும், பிரிதிறன் அதன் வர்க்கமூலமான 1.22 மடங்காகி 1.71ஐத் தொடும். கரிமக் கரைப்பானைக் குறைத்துத் தங்கல் காரணியை 3இலிருந்து 5க்கு உயர்த்தலாம் என்றார் இன்னொருவர்: அந்தச் சேர்மானம் 0.75இலிருந்து 0.83 ஆகும், 1.40 என்பது 1.55 ஆகும். இரண்டு கணக்கும் சரிதான்; இரண்டிலும் சோதனை தேறியிருக்கும். சொல்லப்போனால் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே தேறியிருக்கும், ஏனெனில் தாமதமாக, அகலமாக வரும் முகடுகளைக் குழாயின் பரவல் அவ்வளவாகத் தொடாது. அதுதான் என் ஆட்சேபத்துக்கும் காரணம். நீலக் குழாய் அங்கேயே இருந்திருக்கும். அதைச் சுமக்க முறையை மாற்றியிருப்போம்.

1.5 என்ற எல்லை

1.40க்கும் 1.50க்கும் இடையே அப்படியென்ன இருக்கிறது, சற்றே தளர்த்தினால் என்ன என்ற கேள்வியும் எழுந்தது. ஒரே உயரமுள்ள இரு காஸ் முகடுகளுக்குப் பிரிதிறன் 1.0 என்றால் மையங்கள் 4 திட்ட விலக்கத் தொலைவில் இருக்கும். நடுக்கோட்டைத் தாண்டி அடுத்ததன் பக்கம் விழுவது ஒவ்வொன்றிலும் 2.3 சதவீதம், இடைப் பள்ளத்தின் உயரம் முகட்டின் உயரத்தில் 27 சதவீதம். 1.5 என்றால் தொலைவு 6 திட்ட விலக்கம். தாண்டி விழுவது 0.13 சதவீதம், பள்ளம் 2 சதவீதத்தைச் சற்றே மிஞ்சும். அடிக்கோடு வரை பிரிந்தது என்று நாம் வழக்கமாகச் சொல்லும் நிலை இதுதான்.

இவையெல்லாம் சம உயரத்துக்கான கணக்கு. எங்கள் தகுதிச் சோதனைக் கரைசலில் இரு பொருள்களும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். மாதிரியிலோ மாசின் அளவு முதன்மைப் பொருளில் 0.2 சதவீதத்தை ஒட்டியது, அதாவது 500க்கு ஒன்று. அந்த விகிதத்தில் பிரிதிறன் 1.0 என்றால் பள்ளமே இருக்காது. சிறிய முகடு பெரியதன் இறக்கத்தில் ஒரு தோள் போலத் தெரியும், அவ்வளவுதான். 1.4இல், வால் இல்லாத முகடு என்றால், பள்ளம் உண்டு. அது சிறிய முகட்டை நோக்கி நகர்ந்திருக்கும், பிழையும் பெரிதாக இராது. ஆனால் வால் காரணி 1.35 ஆன பிறகு பெரிய முகட்டின் வாலே சிறிய முகட்டுக்குத் தரையாகிவிடுகிறது. சந்தேகத்துக்குரிய படம் ஒன்றை இருவரிடம் தனித்தனியே கொடுத்துப் பரப்பளவைக் கணக்கிடச் சொன்னோம். செங்குத்துக் கோடு இறக்கிப் பிரித்தவருக்கு மாசு 0.24 சதவீதம், வாலைச் சாய்கோட்டால் சீவி எடுத்தவருக்கு 0.17 சதவீதம். வரம்பு 0.2. ஒரே படம், ஒரே மாதிரி. கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஒன்று தேறுகிறது, ஒன்று தேறவில்லை. மாசு முதன்மை முகட்டுக்கு முன்னால் வந்திருந்தால் வால் அதன் மேல் விழாது, இதே 1.40 நம்மை இவ்வளவு வருத்தியிருக்காது. பிரிதிறன் என்ற எண்ணுக்கு எது முன், எது பின் என்பதும் எது பெரிது, எது சிறிது என்பதும் தெரியாது.

பதினொரு நாள்

பராமரிப்புப் பதிவேட்டில் பதினொரு நாளுக்கு முந்தைய ஒரு வரி இருந்தது: டிடெக்டர் பக்கக் குழாயில் கசிவு, குழாய் மாற்றப்பட்டது, கசிவு இல்லை. உள்விட்டம் எழுதப்படவில்லை, எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமும் இல்லை. மாற்றியவர் கேட்கப்பட்ட வேலையைச் சரியாகவே செய்திருந்தார். இப்போது படிவத்தில் நிறம், உள்விட்டம், நீளம் என மூன்று கட்டங்கள் சேர்ந்துள்ளன. குழாய் மாற்றிய எந்தக் கருவியிலும் குழல் இல்லாமல் யுராசில் செலுத்தி அகலத்தைக் குறிப்பது வழக்கமாகியுள்ளது.

விடை காணாமல் இருந்த ஒரு கேள்வி, பதினொரு நாளாக இது ஏன் வெளிப்படவில்லை என்பது. அந்த நாள்களில் அக்கருவியில் ஓடியவை எல்லாம் 150 மி.மீ. நீளமும் 4.6 மி.மீ. உள்விட்டமும் கொண்ட பழைய பாணிக் குழல்கள், நிமிடத்துக்கு 1.0 மி.லி. ஓட்டம். அங்கே எட்டாம் நிமிடத்தில் 10,000 தட்டுகளோடு வரும் முகட்டின் திட்ட விலக்கம் 80 மைக்ரோலிட்டர், பரவல் வர்க்கம் 6,400. ஓட்டம் கூடியதால் நீலக் குழாய் கூட்டும் பரவலும் 64இலிருந்து 213 ஆகும்; ஆயினும் 6,400க்கு முன் அது தட்டு எண்ணிக்கையில் 3 சதவீதம், பிரிதிறனில் 1.6 சதவீதம். 2.60 இருந்த இடத்தில் 2.56 வந்திருக்கும். பதினொரு நாள் படங்களையும் எடுத்து ஒவ்வொன்றின் இக்கட்டான இணைக்கும் இந்தக் கணக்கைப் போட்டோம். எதுவும் தன் எல்லைக்கு அருகில்கூட வரவில்லை. அந்த முடிவுகள் அப்படியே நின்றன. 2.1 மி.மீ. குழலில் அந்தக் காலை செலுத்தப்பட்டவை மட்டும் தள்ளப்பட்டு மீண்டும் செலுத்தப்பட்டன. புதிய குழல் அடைப்பான்கள் மாட்டப்பட்டுப் பெட்டிக்குத் திரும்பியது.